ஒன்றரைச் சாண் அமெரிக்கா

சித்தப்பாவிடமிருந்து கடிதம் வந்தால், படிப்பதற்கு முன்னால் அதை முகர்ந்து பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். இளநீல நிறத்தில், கையில் எடுத்தால் கனமே தெரியாத ஒரு தாள். அதையே மூன்றாக மடித்து ஓரத்துக் கோந்தை நக்கி ஒட்டினால் உறையும் அதுதான், கடிதமும் அதுதான். ஏரோகிராம் என்று பெயர். உள்ளே வேறெதையும் வைக்கக்கூடாது என்று அதன் முதுகிலேயே அச்சடித்திருக்கும் என்பதால் ஒரு போட்டோகூட அதில் வந்ததில்லை. வாசம் மட்டும்தான் வந்தது. கோந்தின் லேசான தித்திப்பு, மையின் காட்டம், அதற்கும் மேலே மூக்கை அரிக்கிற இன்னதென்று சொல்ல முடியாத ஒன்று. அதைத்தான் நானும் தம்பியும் அமெரிக்க வாசம் என்று முடிவு கட்டி வைத்திருந்தோம். எங்கள் தெருவுக்கு வருகிற தபால்காரர் மூக்குப்பொடி போடுகிறவர் என்பதை அதோடு சேர்த்து யோசிக்க எங்களுக்கு அப்போது புத்தி போதவில்லை.

வாசிக்கிற வேலை எனக்கு. அப்பாவிடம் கொடுத்தால் மனசுக்குள் படித்துவிட்டு, "நல்லா இருக்கானாம்" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார். அது ஆச்சிக்குப் போதாது. மத்தியானச் சாப்பாடு முடிந்து, அங்கணத்தில் பாத்திரங்களைக் கவிழ்த்துவிட்டு, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஆச்சி பட்டாசலில் தூணோரமாக வந்து உட்கார்ந்த பிறகுதான் நான் ஆரம்பிக்க வேண்டும். "அன்புள்ள அம்மாவுக்கு" என்று நான் தொடங்குமுன் அவளிடமிருந்து கேள்வி வந்துவிடும். "தேதி என்ன போட்டிருக்கான், அதை முதல்ல சொல்லு." சொல்வேன். விரல்களை மடக்கி எண்ணுவாள். பத்து நாள் என்பாள், சில சமயம் பன்னிரண்டு. "அப்பம் இந்தக் காய்ச்சல் இன்னேரம் சரியாயிருக்கும்" என்று, நான் காய்ச்சல் வந்த விவரத்தை வாசிக்குமுன்பே ஓரக்கண்ணால் எழுத்தின் சாய்வைப் பார்த்துச் சொல்லிவிடுவாள். ஆச்சிக்கு எழுத்துக்கூட்டத்தான் தெரியும் என்பார்கள். எனக்கு அதில் எப்போதும் சந்தேகம்தான்.

சித்தப்பா புறப்பட்ட நாளின் கரிப்புகையும் ஊறுகாய் நெடியும் எனக்கு இன்னும் மறக்கவில்லை. செங்கோட்டையிலிருந்து வருகிற ரயில் எங்கள் ஊர் அம்பாசமுத்திரத்தில் நிற்கிற கொஞ்ச நேரத்துக்குள், ஒரு தகரப் பெட்டி, ஒரு புதுத் தோல் பெட்டி, பருப்புப்பொடி டப்பா, நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டில், கட்டுச்சோற்று மூட்டை எல்லாவற்றையும் ஏற்றியாக வேண்டும். அந்நியச் செலாவணிக் கெடுபிடி இருந்த காலம். கையில் எட்டு டாலர்தான் கொண்டுபோக விட்டார்கள் என்று பிற்பாடு சித்தப்பா சொல்வார். அந்த எட்டு டாலரை விட ஆச்சி கொடுத்தனுப்பிய ஊறுகாய் பாட்டில்தான் அவரை அதிகமாகக் காப்பாற்றியதாம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆச்சி கேட்டாள். "ஏய்யா, எவ்வளவு தூரம்யா?" அவர் சிரித்துக்கொண்டே, "தூரமெல்லாம் ஒண்ணுமில்லம்மா, பம்பாயில ஏறி உக்காந்தா மறுநாள் நியூயார்க்" என்றார். ரயில் நகர்ந்துவிட்டது. ஆச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, "கேட்டதுக்கு மறுமொழி சொன்னானா பாத்தியா" என்றாள்.

நியாயமான ஆவலாதிதான். நேரத்தைச் சொன்னால் தூரம் சொன்னதாகிவிடுமா? ஆனால் எங்கள் வீட்டிலும் தூரத்தை யாரும் மைலில் சொன்னதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கல்லிடைக்குறிச்சி என்றால் ஆற்றுக்கு அந்தப் பக்கம். பெரியத்தை வீடு கூப்பிடு தூரம். பாபநாசம், விடியலில் புறப்பட்டால் குளித்துவிட்டுப் பலகாரத்துக்குத் திரும்பிவிடலாம். திருச்செந்தூர் ஒரு கட்டுச்சோறு. மெட்ராஸ் இரண்டு கட்டுச்சோறு, போகிற வழியில் ஒரு கூஜா வெந்நீர். காசி என்றால் உயில் எழுதி வைத்துவிட்டுப் போகிற தூரம். இந்த வரிசையில் நியூயார்க்கை எங்கே வைப்பது என்றுதான் ஆச்சிக்குப் புரியவில்லை. காசிக்கு அப்பால் என்று வைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

அடுத்த வீட்டுத் தார்சாவில் சாய்வு நாற்காலி போட்டுக்கொண்டு ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர் தாத்தா ஒருவர் இருந்தார். முப்பது வருஷம் தபால்களுக்கு முத்திரை குத்தியவர் என்பதால் உலகத்து ஊர்களெல்லாம் தம்முடைய அதிகாரத்துக்கு உட்பட்டவை என்ற நினைப்பு அவருக்கு உண்டு. ஆச்சி என்னை அவரிடம் கேட்டுவரச் சொல்லி அனுப்பினாள். அவர் எழுந்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அவர் வீட்டுச் சுவரில் ஏதோ கம்பெனிக் காலண்டரிலிருந்து கிழித்து அட்டையில் ஒட்டிய உலகப்படம் இருந்தது. அதில் கரையான் அரித்த ஒரு மூலை, எண்ணெய்த் தலை சாய்ந்து சாய்ந்து கறுத்துப்போன தென் அமெரிக்கா. கைத்தடியின் முனையை மெட்ராஸில் வைத்தார். "இங்கன புறப்படுதான். நேரா மேற்க. அரபிக்கடல், அரபு நாடு, எகிப்து, சகாரா பாலைவனம், மொராக்கோ, அதுக்கங்கிட்டு அட்லாண்டிக் சமுத்திரம், இந்தா, நியூயார்க்." தடி ஒரே கோடாகப் போய் நின்றது. பிறகு தார்சாவுக்கு வந்து அதே தடியால் பொதிகை மலையைக் காட்டினார். "சுருக்கமாச் சொன்னா, அந்த மலைக்கு அந்தப்பக்கம்னு உங்க ஆச்சிட்ட சொல்லு."

ஆச்சிக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. எங்கள் ஊருக்கு எல்லாமே அந்த மலையிலிருந்துதான் வருகிறது. ஆறு வருகிறது, ஆனி ஆடியில் சாரல் வருகிறது, காற்று அந்தப் பக்கமாக அடித்தால் விக்கிரமசிங்கபுரம் மில்லின் சங்குச் சத்தம் வருகிறது. இனி மகன் இருக்கிற ஊரும் அந்தப் பக்கம்தான். சாரல் முற்றத்தில் விழும்போது, காயப்போட்ட வற்றலை வாரி எடுத்துக்கொண்டே, "அவன் இருக்க திசையிலேருந்துல்லா வருது" என்று அலுத்துக்கொள்ளாமல் சொல்வாள். வற்றல் நனைந்ததற்கு அதற்கு முன்னெல்லாம் அவள் மழையைப் பேசாத பேச்சு இல்லை.

நான் அந்தப் பதிலோடு நின்றிருக்கலாம். ஆறாம் வகுப்பில் எனக்கு ஒரு பூகோள டீச்சர் வாய்த்தார்கள். வெயிலோ மழையோ கறுப்புக் குடை, பிரம்புக்கூடையில் இரண்டடுக்குத் தூக்குச்சட்டி, காதோரத்தில் எப்போதும் ஒரு துளி சாக்பீஸ் தூள். அவர்களிடம் போய், அமெரிக்கா மேற்கேதானே டீச்சர் என்று கேட்டு, போஸ்ட் மாஸ்டர் தாத்தாவின் வழியை ஒப்பித்தேன். அரபு நாடு, எகிப்து, சகாரா, மொராக்கோ. முழுக்கக் கேட்டுவிட்டு, "நாளைக்கு வரும்போது வீட்லேருந்து நூல் கொண்டு வா. நல்ல முறுக்கு நூல். அறுந்து போறது வேண்டாம்" என்று மட்டும் சொன்னார்கள்.

ஆச்சியின் தையல் டப்பா ஒரு பழைய பிஸ்கட் தகரம். திறந்தால் நாப்தலின் உருண்டை நெடி. உள்ளே துருவேறிய கத்தரி, எந்தச் சட்டையிலிருந்து உதிர்ந்தவை என்று தெரியாத பொத்தான்கள், ஊசி குத்திய வெல்வெட் துண்டு. தலையணை தைக்கிற வெள்ளை நூல்கண்டிலிருந்து ஒரு பாகம் அறுத்துக் கொடுத்துவிட்டு, "பள்ளிக்கூடத்துல நூலுக்கு என்ன சோலி" என்று கேட்டாள். அமெரிக்காவை அளக்கப் போகிறோம் என்றேன். பேசாமல் இன்னும் ஒரு பாகம் அறுத்துக் கொடுத்தாள்.

தலைமையாசிரியை அறையில், பீரோவுக்கு மேலே, ஒரு விளையாட்டுக் கோப்பைக்கும் காந்தி படத்துக்கும் நடுவே பூகோள உருண்டை இருந்தது. பியூன் ஸ்டூல் போட்டு ஏறி இறக்கினார். பன்னிரண்டு அங்குல விட்டம், கொஞ்சம் சாய்ந்தே நிற்கிற பித்தளைத் தண்டு. கடலெல்லாம் வெளிறிப் பச்சையாகிவிட்டது. விடுதலையாகிப் பல வருஷமான ஆப்பிரிக்க நாடுகள் அதில் இன்னும் பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தன. பசிபிக் சமுத்திரத்தில் ஒரு பெரிய சொட்டை. உருண்டையில் மற்ற இடமெல்லாம் பெயர் தெளிவாக இருக்க, நம் நாடு மட்டும் அழிந்து வெள்ளையாகிக் கிடந்தது. பள்ளிக்கூடத்துக்கு வந்த அத்தனை பிள்ளைகளும் முதலில் விரல் வைத்தது அந்த இடத்தில்தானே.

டீச்சர் நூலின் ஒரு முனையை மெட்ராஸ் இருக்க வேண்டிய இடத்தில் என் கட்டைவிரலால் அழுத்தச் சொன்னார்கள். மறுமுனையை நியூயார்க்கில் அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். முதலில் நூலைத் தளர விட்டு போஸ்ட் மாஸ்டர் தாத்தா சொன்ன ஊர்கள் மேலெல்லாம் படியும்படி வைத்தார்கள். சரியாகத்தான் இருந்தது. "இப்பம் இழுக்கப்போறேன், விரலை எடுத்துடாத" என்றார்கள். இழுத்தார்கள். நூல் சகாராவில் நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு மேலே ஏறியது. மத்தியதரைக் கடல், ஐரோப்பா என்று ஒவ்வொன்றாக விட்டுவிட்டு ஏறி, விறைத்து, ஓரிடத்தில் நின்றுவிட்டது. டீச்சர் அதன் மேலேயே விரலை ஓட்டி ஊர்களைப் படிக்கச் சொன்னார்கள். ஹைதராபாத் பக்கமாகப் போய், ராஜஸ்தானத்தில் பிகானீர். அங்கிருந்து காபூல். ஏரல் கடலோரம். ருஷ்யாவில் கசான். பின்லாந்தின் வடக்குப் பாகம். நார்வேயில் கரையைத் தாண்டும்போது, புள்ளி புள்ளியாகப் போட்டிருந்த ஆர்க்டிக் வட்டத்தை நூல் தொட்டுவிட்டது. ஐஸ்லாந்துக்குச் சற்று வடக்கே போய், கிரீன்லாந்தின் பனிக்கட்டி மேல் இறங்கி, கனடாவைக் குறுக்கே கடந்து நியூயார்க். எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. மெட்ராஸிலிருந்து புறப்படுகிறவன் பனிக்கரடி இருக்கிற சீமை வழியாகவா போவான்?

"உருண்டை மேல ரெண்டு இடத்துக்கு நடுவுல நூலை இறுக்கிப் பிடிச்சா அது எங்க போய் நிக்குதோ அதுதான் குறுக்கு வழி" என்றார்கள் டீச்சர். சுவரில் தொங்குகிற படம் 1569-இல் மெர்கேட்டர் என்பவர் கப்பல்காரர்களுக்காகப் போட்ட மாதிரியில் வந்தது. திசைகாட்டியை ஒரே கோணத்தில் வைத்துக்கொண்டு போகிறவனுக்கு அதில் கோடு நேராக விழும், அதற்காக வடக்கையும் தெற்கையும் இழுத்து இழுத்துப் பெரிதாக்கியிருக்கிறார். போஸ்ட் மாஸ்டர் தாத்தா படத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்கு இருந்ததே என்று கேட்டேன். உருண்டையில் காட்டினார்கள். ஆப்பிரிக்காவுக்குள் பதினாலு கிரீன்லாந்தை அடக்கலாம். நம் இந்தியாவே அதைவிடப் பெரிசு. அழிந்துபோன நம் இந்தியாவை அதற்குப் பக்கத்தில் வைத்து நான் அரை நாள் சந்தோஷப்பட்டேன்.

பிறகு கணக்கு. பூமியைச் சுற்றி 24,900 மைல், இந்த உருண்டையைச் சுற்றி முப்பத்தேழே முக்கால் அங்குலம், அப்படியானால் ஒரு அங்குலம் 660 மைல். நூலை ஸ்கேலில் வைத்தோம். பன்னிரண்டே முக்கால் அங்குலத்துக்குத் துளி குறைவு. 8,400 மைல், கிலோமீட்டரில் 13,500 என்று கரும்பலகையில் எழுதினார்கள். போஸ்ட் மாஸ்டர் வழியில் நூலைப் படிய வைத்து அளந்தால் பதினாலே கால் அங்குலத்துக்கும் மேலே வந்தது, 15,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மெட்ராஸிலிருந்து டில்லிக்குப் பறக்கிற தூரம். "அவர் வழியாப் போனா டில்லிக்குப் போற எண்ணெய் தெண்டம்" என்று டீச்சர் சொன்னதை நான் அப்படியே அவரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டியதில்லை; சொன்னேன். பூகோளம் படித்த பெண்பிள்ளைகளைப் பற்றி அவருக்கு அன்றிலிருந்து ஒரு அபிப்பிராயம் ஏற்பட்டுவிட்டது.

நூலை அளந்த இடத்தில் முடிச்சுப் போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்தேன். ஆச்சி பூத்தொடுத்துக்கொண்டிருந்தாள். முற்றத்துப் பிச்சி, நனைந்த வாழைநார், மடியில் ஒரு பித்தளைத் தாம்பாளம். நூலை வாங்கி இரண்டு முனையையும் பிடித்து நீட்டிப் பார்த்தாள். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துச் சாண் போட்டாள். ஒரு சாண், அப்புறம் அரைச்சாணுக்கு ஒரு விரற்கடை குறைவு.

"ஒண்ணரைச் சாண்தானாட்டி அமெரிக்கா? இதுக்கா அந்தப் பாடு படுத்தினான்."

உருண்டை, அங்குலம், 660 மைல் எல்லாம் சொன்னேன். நூல் வடக்கே ஏறிப்போன கதையைச் சொன்னபோது அவள் நம்ப மாட்டாள் என்று நினைத்திருந்தேன், ஏனென்றால் எனக்கே அது முழுசாக நம்பிக்கையாகவில்லை. ஆச்சி எழுந்து அடுக்களைக்குள் போய், உறி கட்டக் காத்திருந்த ஒரு பூசணிக்காயை எடுத்து வந்தாள். வாழைநார் ஒன்றை அதன் பக்கவாட்டில் வைத்து இழுத்தாள். நார் வழுக்கிக் காம்பைப் பார்க்க ஏறியது. "பக்கவாட்டுல எங்கன நிக்கும்? வயித்துல சுத்துனா நார் கூடுதலாப் பிடிக்கும், காம்போரமாப் போனா சிக்கனம். உறி கட்டுதவளுக்குத் தெரியாதா" என்றாள். டீச்சருக்கு ஒரு பீரியட் பிடித்த விஷயம். நான் பூசணிக்காயைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு அவள் கேட்டதுதான் எனக்கு இப்போது அடிக்கடி நினைவுக்கு வருகிறது. "கொழும்பு எவ்வளவுட்டி வரும் இதுல?" ஆச்சியின் பெரியண்ணன் சின்ன வயசிலேயே கொழும்புக்குப் போனவர். செட்டித்தெருவில் கடைக்கணக்கு எழுதினார் என்பார்கள். தனுஷ்கோடிக்கு ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயில், இதுதான் வழி. ஆரம்பத்தில் ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம் வந்திருக்கிறார். ஒரு தடவை கொண்டுவந்த பீங்கான் கோப்பையில்தான் ஆச்சி இன்னும் உப்பு வைத்திருந்தாள். பிறகு பாஸ்போர்ட், விசா என்று கெடுபிடி வந்தது, அங்கேயே குடும்பம் ஆயிற்று, 1964 புயலில் தனுஷ்கோடியே போய்விட்டது, கடிதமும் நின்றுவிட்டது. நான் மறுநாள் டீச்சரிடம் கேட்டு அளந்து வந்தேன். எங்கள் ஊரிலிருந்து கொழும்பு, அந்த உருண்டையில், கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. தச்சாசாரி கணக்கில் இரண்டரை நூல். அதற்குத் தனியாக ஒரு துண்டு அறுக்க முடியாது, முடிச்சுப் போடவே காணாது. ஆச்சியிடம் விரல் நகத்தைக் காட்டி, இவ்வளவுதான் என்றேன். என் நகத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நகம் வெட்டு, அழுக்கு அடைஞ்சு கெடக்கு" என்றாள். அன்று ராத்திரி பூத்தொடுக்கையில் அவள் அந்த அண்ணனைப் பற்றிப் பேசிய அளவுக்கு அதற்கு முன்னும் பின்னும் பேசி நான் கேட்டதில்லை.

அந்த முடிச்சுப் போட்ட நூல் பல வருஷம் பிஸ்கட் தகரத்தில் கிடந்தது. அதை வைத்துக்கொண்டு ஆச்சி தெரு முழுக்க வடக்கு வழியைப் பரப்பினாள். சுடலைமாடன் கோயில் பூசாரி, தயிர்க்காரி, வண்ணாத்தி, யாரானாலும் சரி, "உங்க மகன் எங்கம்மா இருக்காவ" என்று கேட்டால் ஒண்ணரைச் சாண் கதைதான். போகப் பதினைந்து மணி நேரம் ஆகும் என்று டீச்சர் வகுத்துச் சொன்னதையும் அவள் விடவில்லை. மணிக்கு 900 கிலோமீட்டர் என்றால் அவ்வளவுதான் ஆகும். எங்கள் ஊரிலிருந்து மெட்ராஸ் போய்ச் சேரவே அந்த நாள் மீட்டர் கேஜ் ரயிலுக்கு ஏறக்குறைய அந்த நேரம்தான். "அப்பம் அமெரிக்காவும் ரெண்டு கட்டுச்சோறுதான்" என்று ஒருவழியாக அவளுடைய வரிசையில் நியூயார்க்குக்கு ஓர் இடம் கிடைத்தது. சாயங்காலம் விளக்கேற்றும்போது, "அவனுக்கு இப்பந்தான் விடியுது" என்பாள். பத்தரை மணி நேர வித்தியாசத்தை என்னைவிட அவள் சரியாகக் கணக்கு வைத்திருந்தாள்.

போஸ்ட் மாஸ்டர் தாத்தா சும்மா இருப்பாரா? ஒரு நாள் தார்சாவிலிருந்தே குரல் கொடுத்தார். "தங்கச்சி, உன் பேத்தி உருண்டையைக் காட்டி ஊரை ஏமாத்துதா. ஏர் இந்தியா வண்டி பம்பாயிலேருந்து லண்டன் போயில்லா நியூயார்க் போவுது? லண்டன் மேற்க இருக்கா, வடக்க இருக்கா? காபூலுக்கும் பனிக்கட்டிக்கும் எந்த வண்டி போவுது?" அவர் சொன்னது உண்மை. ஏர் இந்தியா 1960-லிருந்தே நியூயார்க்குக்குப் பறந்துகொண்டிருந்தது. சித்தப்பா போனது ஜன்னலைச் சுற்றி ராஜஸ்தான் அரண்மனைச் சாளரம் வரைந்த பெரிய 747-இல். எதுவானாலும் லண்டன் பக்கம் இறங்கித்தான் போகும். ஒரே மூச்சில் போக அந்த நாள் விமானத்துக்கு எண்ணெய் காணாது. தவிர, சோவியத் நாட்டு வானத்தில் நினைத்தவன் நினைத்தபடி பறந்துவிட முடியாது. ஆச்சி விடவில்லை. "அண்ணாச்சி, சின்னவன் வருவாம்லா, அவங்கிட்டயே கேட்டுக்கிடுவோம். நான் சொல்லுதது சரியா இருந்தா அரைக்கிலோ காப்பிக்கொட்டை. பீபெரி." தெருவில் நாலு பேர் சாட்சி.

சித்தப்பா வந்தார். மீசையை எடுத்துவிட்டார், வாசனை மாறியிருந்தது, தம்பிக்கு ஒரு பேட்டரி கார், எனக்கு மேலே அழிப்பான் வைத்த மஞ்சள் பென்சில்கள். தோசைக்கல்லில் முதல் தோசை விழுமுன் ஆச்சி கேட்டாள். "ஏய்யா, வடக்க போனியா, மேற்க போனியா? காபூல் பாத்தியா?" அவர் விழித்தார். நடு சீட்டு, அதிலும் தூங்கிவிட்டார், லண்டனில் மழை பெய்தது, அவ்வளவுதான் தெரியும் என்றார். அமெரிக்கா வரை படிக்கப் போன பிள்ளைக்குப் போன வழி தெரியவில்லை என்பதில் ஆச்சிக்கு ஏற்பட்ட ஏமாற்றம் இரண்டு நாள் தோசையில் தெரிந்தது.

வேறு வழியில்லாமல் டீச்சரையே மத்தியஸ்தத்துக்கு அழைத்தோம். ஒரு சனிக்கிழமை, உருண்டையைப் பியூன் தலையில் வைத்துத் தெருவழியே தூக்கிவர, பின்னாலேயே குடையோடு அவர்கள் வந்தார்கள். தெருப் பிள்ளைகளெல்லாம் பின்னால். தார்சாவில் உருண்டையை வைத்து, இந்த முறை நூலைப் பம்பாயிலிருந்து இழுத்தார்கள். அது மாஸ்கோவுக்கும் ஹெல்சிங்கிக்கும் மேலாகப் போய், ஐஸ்லாந்தில் ஏறி, கிரீன்லாந்தின் தெற்கு முனையைத் தொட்டு இறங்கியது. அப்புறம் லண்டனில் ஒரு விரல் வைத்து மறுபடி அளந்தார்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், வித்தியாசம் இருநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். 12,500 கிலோமீட்டர்ப் பயணத்தில் அது எம்மாத்திரம்? "லண்டன்ல இறங்கினாலும் உங்க நூலை ஒட்டித்தான் போயிருக்காங்க. சகாராப் பக்கம் போகலை" என்று டீச்சர் ஆச்சியைப் பார்த்துச் சொன்னார்கள். போஸ்ட் மாஸ்டர் தாத்தா உருண்டையைத் தானே ஒரு தரம் சுற்றிப் பார்த்தார். நூலை அவரே இழுத்துப் பார்த்தார். பிறகு கிரீன்லாந்தின் மேல் விரலை வைத்து, "இவ்வளவு சின்னதா இது" என்று நம்ப மாட்டாமல் கேட்டார்.

இப்போது அந்த வழியெல்லாம் பழைய கதை. 2007-இல் ஏர் இந்தியா மும்பையிலிருந்து எங்கும் இறங்காமல் நியூயார்க் போக ஆரம்பித்த செய்தியைப் படித்தபோது நான் வீட்டில் இருந்த தர்பூசணியை எடுத்து என் மகளுக்கு நூல் கட்டிக் காட்டினேன். அவள் கம்ப்யூட்டரில் இரண்டு ஊர் பெயரைத் தட்டி, எனக்கு முன்னால் விடையைச் சொல்லிவிட்டாள். ஆனாலும் நூல் சொல்கிறபடியே போய்விட உலகம் விடுகிறதா? 2025-இல் பாகிஸ்தான் தன் வானத்தை நம் விமானங்களுக்கு மூடியபோது, டில்லியிலிருந்து அமெரிக்காவுக்குப் போகிறவை அரபிக்கடல் பக்கம் இறங்கி, வளைகுடா நாடுகள் மேலே சுற்றிக்கொண்டு போயின. போஸ்ட் மாஸ்டர் தாத்தா இருந்திருந்தால் கைத்தடியோடு எங்கள் தார்சாவுக்கு வந்து நின்றிருப்பார்.

காப்பிக்கொட்டை விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் தெருக்காரர்கள் யாராவது படித்துவிட்டுச் சண்டைக்கு வரக்கூடும். அவர் வாக்குத் தவறவில்லை. அடுத்த வாரமே மஞ்சள் பையில் அரைக்கிலோ வந்தது. ஆச்சி ஒரு கொட்டையை எடுத்து வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்தாள். தட்டைக் கொட்டை. "நான் கேட்டது பீபெரி, அண்ணாச்சி பிளாண்டேஷன் கொடுத்துவிட்டிருக்காரு" என்று, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற குரலில் எங்கள் அம்மாவிடம் சொல்லிவிட்டு, வாணலியை அடுப்பில் வைக்கச் சொன்னாள்.